காரணம் தெரியாத காய்ச்சல்



சில ஆண்டுகளுக்கு முன், மழை பெய்து ஓய்ந்திருந்த ஒரு கார்த்திகை மாதத்து மாலையில், நோயுற்ற முதியவர் ஒருவருக்கு நற்கருணை அளித்துவிட்டுக் குமாரலிங்கபுரத்தின் தெரு வழியே நாம் திரும்பிக்கொண்டிருந்தோம். கரிசல் மண் காலணியைப் பற்றிக்கொண்டு அடியெடுத்து வைக்க விடாத நாள்கள் அவை. ஒரு வீட்டின் நிலைப்படியில் வேப்பிலைக் கொத்துச் செருகப்பட்டிருந்தது. உள்ளிருந்து ஓர் இளந்தாய் ஓடிவந்து எம்மை நிறுத்தினாள்.

“சாமி, பிள்ளைக்கு ஆறு நாளாக் காய்ச்சல் விடல. அம்மை போட்டிருக்கு, மருந்து குடுக்கக் கூடாதுன்னு அத்தை சொல்றாக. நீங்க வந்து ஒரு செபம் சொல்லிட்டுப் போங்க.”

உள்ளே சென்றோம். மூன்று வயது ஆண்குழந்தை. தொட்டாலே வீறிட்டு அழுதான். கண்கள் இரண்டும் செக்கச் சிவந்திருந்தன; ஆயினும் பீளை இல்லை. உதடுகள் காய்ந்து வெடித்திருந்தன. மார்பிலும் முதுகிலும் செந்தடிப்பு. கொப்புளமோ ஒன்றுகூட இல்லை. கைகள் சற்றே வீங்கியிருந்தன. தலைமாட்டில் புனித செபஸ்தியாரின் படத்தின் முன் ஒரு மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது.

நாம் மருத்துவர் அல்லோம். ஆயினும் அம்மை கண்ட பிள்ளைகளைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறோம். இது அவ்வாறு தோன்றவில்லை. செபம் சொன்னோம். சொல்லி முடித்ததும், “நாளைக் காலை முதல் பேருந்தில் பிள்ளையை அருப்புக்கோட்டைக்குக் கொண்டு போங்கள்” என்றோம். மூலையில் அமர்ந்திருந்த பாட்டி எழுந்து நின்றார். “அம்மை கண்ட பிள்ளையப் படி தாண்ட விடலாமா சாமி? ஊசி போட்டா உள்ள இறங்கிரும்பாகளே” என்றார். அவர் சொல்லில் வெறுப்பு இல்லை, அச்சமே இருந்தது. தறி வேலை முடிந்து இரவில் வீடு திரும்பிய தந்தை, எம் சொல்லைக் கேட்டு மறுநாள் குழந்தையைத் தூக்கிச் சென்றார்.

அருப்புக்கோட்டையில் பார்த்த மருத்துவர் அன்றே அவர்களை மதுரைக்கு அனுப்பினார். மதுரையில் குழந்தை மருத்துவர் ஒருவர் காய்ச்சல் கண்ட நாள்களை விரல்விட்டு எண்ணச் சொன்னார். பின்னர்ச் சட்டையை விலக்கி, பிறந்தபோது காசநோய்த் தடுப்பூசி போட்ட தழும்பைப் பார்த்தார். பழைய அத்தழும்பு புதிதாகச் சிவந்து தடித்திருந்தது. “இது அம்மை இல்லை, கவாசாகி நோய்” என்றார். எட்டாம் நாள் சிகிச்சை தொடங்கியது.

அதன்பின்தான் வீட்டில் வேறொரு நோய் தொடங்கியது. முந்திய வாரம் தாய் தன் பிறந்தகத்துத் திருமணத்திற்குக் குழந்தையைத் தூக்கிச் சென்றிருந்தாள். “அங்கிருந்துதான் ஒட்டிக்கொண்டு வந்தது” என்றனர் ஒரு சாரார். “காத்துக் கருப்பு அண்டிருச்சு” என்றனர் சிலர். பக்கத்து வீட்டார் தம் பிள்ளைகளை அவ்வாசலுக்கு அனுப்புவதை நிறுத்தினர். குழந்தையைக் காண மதுரை சென்றபோது, மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அத்தாய் எம்மிடம் கேட்டாள்: “சாமி, இது யாரால வந்துச்சு? நான் என்ன தப்பு செஞ்சேன்?”

அன்று எம்மால் அவளுக்கு ஆறுதல் கூற முடிந்ததேயன்றி விடை கூற முடியவில்லை. பின்னர் மருத்துவர்களைக் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை இங்கு எழுதுகிறோம். இதே கேள்வி வேறொரு வீட்டிலும் எழக்கூடும் அன்றோ?

இந்நோய்க்குப் பெயர் தந்தவர் டோமிசாகு கவாசாகி என்னும் ஜப்பானிய குழந்தை மருத்துவர். 1961 ஜனவரியில், டோக்கியோ நகரின் செஞ்சிலுவைச் சங்க மருத்துவமனை ஒன்றில், நான்கு வயதும் சில மாதங்களும் நிரம்பிய சிறுவன் ஒருவனை அவர் கண்டார். விடாத காய்ச்சல், சிவந்த கண்கள், வெடித்த உதடுகள், தடிப்பு ஆகிய இவையெல்லாம் ஒருங்கே அமைந்த நோய் எதனையும் அவர் நூல்களில் படித்ததில்லை. சிறுவன் நலமடைந்து வீடு சென்றான். அவனுடைய ஏட்டில் ‘நோய் இன்னதென்று தெரியவில்லை’ என்றே மருத்துவர் எழுதினார். தெரியாததைத் தெரியாது என்று எழுதிய அந்த நேர்மையே பின்னர் வந்த அனைத்திற்கும் அடித்தளமாயிற்று. அவர் அதனை மறந்துவிடாமல், அதுபோன்ற பிள்ளைகளைத் தேடிக் குறித்துவந்தார். 1967-இல் 50 குழந்தைகளின் விவரத்தோடு கட்டுரை வெளியிட்டார். 1974-இல் அது ஆங்கிலத்தில் வெளிவந்தபின் உலகம் அறிந்தது. 2020 ஜூன் மாதத்தில் தமது 95-ஆம் வயதில் அவர் காலமானார். தாம் கண்ட நோயின் காரணத்தை அறியாமலேயே அவர் கண்மூடினார்.

இந்நோயில் உடலெங்கும் உள்ள குருதிக் குழாய்களின் சுவர்கள் அழற்சியடைகின்றன. காய்ச்சல் சிகிச்சை இல்லாமலும் சில வாரங்களில் தணிந்துவிடுவதுண்டு. அதுவே இந்நோயின் வஞ்சகம் எனலாம். காய்ச்சல் தணிந்ததும் பெற்றோர் மகிழ்ந்திருக்க, இதயத்திற்கே இரத்தம் ஊட்டும் நாளங்கள் உள்ளே பலூன்போல் வீங்கிவிடக்கூடும். சிகிச்சை பெறாத நான்கு பிள்ளைகளுள் ஏறத்தாழ ஒருவருக்கு இத்தீங்கு நேர்கிறது. அவ்வாறு வீங்கிய நாளத்தில் இரத்தம் உறைந்தால் சிறு பிள்ளைக்கும் மாரடைப்பு வரும்.

இனி, எதனால் வருகிறது என்னும் கேள்விக்கு வருவோம். ஏதோ ஒரு தொற்றே இதனைத் தூண்டிவிடுகிறது என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். அதற்கு அவர்கள் காட்டும் சான்றுகள் சிந்திக்கத்தக்கவை. காய்ச்சலும் தடிப்பும் கழுத்து நெறிக்கட்டியும் தொற்றுநோய்க்கு உரிய அடையாளங்கள். நோயுற்றோரில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். வளர்ந்தோருக்கு வருவது மிக அரிது. பிறந்து மூன்று மாதம் நிரம்பாத சிசுக்களுக்கும் அரிதாகவே வருகிறது. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பாற்றல் சிசுவைக் காக்கிறது. வளர்ந்தவர்களோ அக்கிருமியை முன்னரே சந்தித்து வென்றிருக்கிறார்கள் என்று கொண்டால் இவ்விரண்டும் பொருந்துகின்றன. ஜப்பானில் 1979, 1982, 1986 ஆகிய ஆண்டுகளில் இந்நோய் நாடெங்கும் அலையாகப் பரவியது. 1982-இல் மட்டும் 15,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் நோயுற்றனர்.

அப்படியாயின் அக்கிருமி எது? அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தேடுகிறார்கள். கம்பளம் கழுவும் சோப்பைச் சந்தேகித்தார்கள், படுக்கைத் தூசியில் வாழும் சிற்றுண்ணியைச் சந்தேகித்தார்கள், பாதரசத்தைச் சந்தேகித்தார்கள். ஸ்டாபிலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் முதலிய பாக்டீரியாக்கள் கக்கும் நஞ்சே காரணம் என்று சிலர் கூறினர். 2005-இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் ஒருவகைக் கொரோனா வைரஸைச் சுட்டிக்காட்டினார்கள். பிற ஊர்களில் சோதித்தவர்களால் அதனை உறுதிசெய்ய இயலவில்லை. இந்நோயால் இறந்த பிள்ளைகளின் மூச்சுக்குழாய் உயிரணுக்களில் வைரஸ் விட்டுச்சென்ற எச்சம்போன்ற துகள்களைச் சிகாகோ நகர ஆய்வாளர் கண்டனர். மூச்சு வழியே நுழையும் ஏதோ ஒரு வைரஸ் அது என்பது அவர்களுடைய கருத்து. 2011-இல் வேறொரு குழுவினர் ஜப்பானில் நோய் மிகும் காலத்தையும் காற்றின் திசையையும் ஒப்பிட்டனர். ஆசியப் பெருநிலத்திலிருந்து ஜப்பானை நோக்கிக் காற்று வீசும் காலத்தில் நோய் மிகுவதாகக் கண்டனர். பின்னர் அக்காற்று வடகிழக்குச் சீனத்தின் வேளாண் நிலங்களிலிருந்து எதையோ சுமந்து வருகிறது என்றனர். காற்றில் வருவது யாது என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. ‘காத்துக் கருப்பு’ என்று நம் ஊரார் சொன்னதை இது மெய்ப்பிப்பதாக எவரும் எண்ண வேண்டா. பேய் பிடித்தது என்று சொல்பவர் அத்துடன் நிறுத்திவிடுகிறார். ஆய்வாளரோ காற்றைக் குழாயில் பிடித்துச் சோதித்துப் பார்க்கிறார். வேறுபாடு அதுவே.

2020-ஆம் ஆண்டில், உலகமே கொரோனாப் பெருந்தொற்றால் கதவடைத்துக் கிடந்தபோது, இத்தேடலில் எதிர்பாராத ஒரு பக்கம் திறந்தது. இத்தாலியின் பெர்கமோ நகரில், அம்மண்ணின் மைந்தராகிய திருத்தந்தை இருபத்து மூன்றாம் அருளப்பரின் பெயரைத் தாங்கிய மருத்துவமனையில், கவாசாகி நோய் போன்ற அறிகுறிகளோடு பிள்ளைகள் அடுத்தடுத்து வந்தனர். முந்திய ஐந்தாண்டுகளில் அங்கு வந்தவர்கள் 19 பேர். 2020 பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரையிலான இரண்டே மாதங்களில் வந்தவர்கள் 10 பேர். அவர்களுள் 8 பேரின் இரத்தத்தில் கொரோனா வைரஸுக்கு எதிரான பொருள்கள் இருந்தன. அவர்கள் அத்தொற்றை முன்னரே பெற்றிருந்தார்கள் என்பது அதன் பொருள். லண்டன் நகரிலும் அவ்வாறே 8 பிள்ளைகள் பத்து நாள்களுக்குள் கடும் நோயுற்றனர்.

நம் தமிழ்நாடும் இதற்கு விலக்கன்று. 2020-இல் சென்னையில் காஞ்சி காமகோடி சைல்ட்ஸ் டிரஸ்ட் மருத்துவமனையில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் கொரோனாவோடு இத்தகைய கடும் அழற்சிக்கும் ஆளாகி, சிகிச்சையால் பிழைத்தான். அதனை அம்மருத்துவர்கள் இதழில் எழுதினார்கள். பின்னர் அவ்வாண்டிலேயே சென்னை மருத்துவமனைகளில் கண்ட 19 பிள்ளைகளின் விவரமும் வெளிவந்தது. தொற்று வந்து போன சில வாரங்களுக்குப்பின், கிருமியை எதிர்க்க எழுந்த உடலின் படையே கட்டுக்கடங்காமல் தன் வீட்டையே தாக்கியது என்று மருத்துவர்கள் விளக்கினர்.

இது கவாசாகி நோயேதானா? அன்று. இப்பிள்ளைகள் பெரும்பாலும் வயதில் மூத்தவர்கள். வயிற்றுவலியும் வாந்தியும் அதிர்ச்சி நிலையும் இவர்களிடம் மிகுதி. ஆகவே மருத்துவர்கள் இதற்கு வேறு பெயரிட்டனர். ஆயினும் ஒரு வைரஸ் தொற்று சில வாரங்கள் கழித்துக் கவாசாகியைப் போன்ற நோயை உண்டாக்கக்கூடும் என்பது கண்முன்னே தெளிவாயிற்று. மற்றொரு செய்தியும் உண்டு. முகக்கவசமும் பள்ளி விடுமுறையும் நிலவிய 2020-இல், ஜப்பானில் கவாசாகி நோய் முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மூச்சு வழியே பரவும் ஏதோ ஒன்று இதில் பங்கு கொள்கிறது என்னும் கருத்துக்கு இது வலுவூட்டுகிறது.

எனினும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏன் வருவதில்லை? ஜப்பானில் 2019-இல் ஐந்து வயதுக்கு உட்பட்ட ஒரு லட்சம் பிள்ளைகளுள் 300-க்கும் மேற்பட்டோருக்கு வந்தது. ஹவாய்த் தீவில் குடியேறி அமெரிக்க மண்ணிலேயே வாழும் ஜப்பானிய வழியினரின் பிள்ளைகளுக்கும் பிறரைவிட மிகுதியாக வருகிறது. ஆகவே பிறவியிலேயே அமைந்த ஒரு தன்மையும் இதில் உண்டு என்பர். பலருக்குச் சாதாரணச் சளிக்காய்ச்சலாக வந்து போகும் ஏதோ ஒரு தொற்று, அல்லது பல தொற்றுகள், அத்தன்மை வாய்ந்த ஒரு சில பிள்ளைகளிடம் மட்டும் இந்த அழற்சியை மூட்டிவிடுகின்றன என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் கருத்து.

இதிலிருந்து அத்தாயின் கேள்விக்கு விடை கிடைக்கிறது. கவாசாகி நோய் ஒரு பிள்ளையிடமிருந்து அடுத்த பிள்ளைக்கு நேரே ஒட்டிக்கொண்டதாகச் சான்று இல்லை. ஆகவே பக்கத்து வீட்டார் கதவடைக்க வேண்டுவதில்லை. ஜப்பானிய கணக்கின்படி, நோயுற்ற பிள்ளையின் உடன்பிறந்தோருள் நூற்றுக்கு இருவருக்கே ஓராண்டுக்குள் அது வருகிறது. திருமணத்திற்குச் சென்றது குற்றமன்று. கொடுத்த உணவு குற்றமன்று. கிணற்று நீர் குற்றமன்று. அறுபது ஆண்டுகளாக உலகத்து ஆய்வாளர்கள் தேடியும் அகப்படாத காரணத்தை, ஓர் இரவில் மருமகளின் தலையில் சுமத்திவிட எவருக்கும் உரிமை இல்லை. பிறவிக் குருடனைக் கண்டு, பாவம் செய்தவன் இவனா, இவனைப் பெற்றோரா என்று சீடர்கள் கேட்டபோது, நம் ஆண்டவர் இருவரும் அல்லர் என்று மறுத்தார். மறுத்ததோடு நில்லாமல் அவனுக்குப் பார்வையும் அளித்தார். அவ்வரிசையை நாமும் பின்பற்றுவோமாக: பழி தேடுவதை விடுவோம், செய்ய வேண்டியதைச் செய்வோம்.

செய்ய வேண்டியது உண்டா? உண்டு. காரணம் அகப்படவில்லையாயினும் சிகிச்சை அகப்பட்டுவிட்டது. 1984-இல் ஜப்பானிய மருத்துவரும், 1986-இல் அமெரிக்க மருத்துவரும் இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்து இதயத்தைக் காக்கிறது என்று காட்டினர். நரம்பு வழியே ஏற்றும் இம்மருந்தைக் காய்ச்சல் தொடங்கிய பத்து நாள்களுக்குள் கொடுத்தால், நூற்றுக்கு 25 என்றிருந்த நாள வீக்கம் நூற்றுக்கு ஐந்து அளவுக்குக் குறைகிறது. இம்மருந்து எதனால் ஆனது என்று அறிவீர்களா? ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர் கொடுத்த குருதியின் நீரிலிருந்து பிரித்தெடுக்கப்படுகிறது. குமாரலிங்கபுரத்துக் குழந்தையின் நரம்பில் அன்று இறங்கிய துளிகள், அவன் ஒருபோதும் சந்திக்கப் போகாத பல்லாயிரவர் கொடுத்தவை. இரத்ததானம் செய்யத் தயங்கும் இளைஞர்கள் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக.

இதற்கு மாறான ஒரு நோயும் நம் கண்முன் உண்டு. வாத சுரம் என்னும் ருமாட்டிக் காய்ச்சலுக்குக் காரணம் தெரியும். தொண்டையில் புண் உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியே அது. உரிய காலத்தில் பென்சிலின் கொடுத்தால் தடுத்துவிடலாம். ஆயினும் தொண்டைவலி தானே என்று விட்டதனால் இதய வால்வு கெட்டு வாடும் பிள்ளைகள் நம் நாட்டில் இன்றும் உள்ளனர். ஆகவே காரணம் தெரிவது மட்டும் ஒரு பிள்ளையைக் காப்பதில்லை. காரணம் தெரியாமை மட்டும் ஒரு பிள்ளையைக் கொல்வதும் இல்லை. காலத்தோடு எழுந்து செல்லும் பெற்றோரே காக்கின்றனர்.

தாய்மாரே, இவற்றை நினைவில் இருத்துங்கள். சிறு பிள்ளைக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல் விடவில்லையா? அதனோடு பீளையில்லாமல் சிவந்த கண்கள், வெடித்துச் சிவந்த உதடு, செம்புள்ளிகள் எழும்பிய சிவந்த நாக்கு, உடலில் தடிப்பு, வீங்கிச் சிவந்த கைகால்கள், கழுத்தில் நெறிக்கட்டி ஆகியவற்றுள் சில உண்டா? தடுப்பூசித் தழும்பு புதிதாகச் சிவந்திருக்கிறதா? குழந்தை மருத்துவரிடம் அன்றே செல்லுங்கள். காய்ச்சல் எந்த நாள் தொடங்கியது என்பதைக் குறித்து வைத்திருந்து சொல்லுங்கள். ஓர் அறிகுறி வந்து மறைந்திருந்தால் அதனையும் சொல்லுங்கள். கைக்குழந்தைகளுக்கு எல்லா அறிகுறிகளும் தோன்றுவதில்லை. ஆனால் ஆபத்து அவர்களுக்கே மிகுதி. விரல் நுனியில் தோல் உரிவது இரண்டாம் மூன்றாம் வாரத்தில்தான்; அதற்காகக் காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

இந்நோய்க்கு மருத்துவர்கள் ஆஸ்பிரின் கொடுப்பதுண்டு; அதைக் கண்டு பிற காய்ச்சல்களுக்கு நீங்களாகவே பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுத்துவிடாதீர்கள்; அது தீங்காய் முடியலாம். இம்யூனோகுளோபுலின் பெற்ற பிள்ளைக்குத் தட்டம்மைத் தடுப்பூசியை ஏறத்தாழ 11 மாதம் தள்ளிப் போட வேண்டும். ஆகவே மருத்துவமனைச் சீட்டைச் செவிலியரிடம் காட்டுங்கள். நலமடைந்தபின் எக்கோ பரிசோதனைக்கு அழைத்த நாளில் தவறாமல் செல்லுங்கள்.

சண்டிகர் நகரில், 1994-இல் ஒரு லட்சம் பிள்ளைகளுள் ஒருவருக்குக் கூட இல்லை என்னும் அளவில் இருந்த இந்நோய், 2007-இல் நான்கு பேருக்கு மேல் என்றாயிற்று. மருத்துவர்கள் அடையாளம் காணக் கற்றுக்கொண்டதும் அவ்வுயர்வுக்கு ஒரு காரணம் என்பர். நம் கரிசல் காட்டிலும், அம்மை என்றும் ஒவ்வாமை என்றும் நாம் எண்ணிய காய்ச்சல்களுள் எத்தனை இவ்வாறு நம்மைக் கடந்து சென்றனவோ!

அச்சிறுவனின் கதையை முடித்துவிடுகிறோம். மருந்து ஏற்றிய மறுநாளே காய்ச்சல் தணிந்தது. எக்கோவில் ஒரு நாளம் சற்றே விரிந்திருந்தது. ஓராண்டுக்குள் அது சரியாயிற்று. வீடு திரும்பிய பின் விரல் நுனிகளில் தோல் உரியக் கண்டு பாட்டி அலறிப்போய் ஆள் அனுப்பினார்; அது நோய் இறங்குவதன் அடையாளம் என்று முன்னரே கேட்டறிந்திருந்ததால் அவரைத் தேற்ற எம்மால் இயன்றது. அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பாட்டி எம்மிடம் வந்தார். “நான்தான் சாமி ஆறு நாளாத் தடுத்து வச்சேன். அவளக் குத்தம் சொன்னேனே” என்று கூறிக் கண்ணீர் வடித்தார். “அதை என்னிடம் சொல்ல வேண்டாம் அம்மா, மருமகளிடம் சொல்லுங்கள்” என்றோம்.

சொன்னார் என்று பின்னர் அறிந்தோம். சிறுவன் இன்று பள்ளிக்குச் செல்கிறான்.